14 வயதில் தாய், 20 வயதில் மருத்துவர் - ஆனந்திபாய் ஜோஷியின் வாழ்க்கை சொல்வது என்ன?

உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு முதல் பிள்ளை பிறந்தபோது அவருக்கு என்ன வயது?

வீட்டில் கேட்டுப் பாருங்கள். 15, 16 என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சொல்பவர்களும் அதைச் சாதாரண விஷயமாகத்தான் சொல்வார்கள்.

அதே வயதில் இன்று ஒரு மாணவி கர்ப்பமானால்? வீட்டில் அழுகை. பள்ளியில் கிசுகிசு. வாட்ஸ்அப்பில் பேச்சு. உறவினர்களிடம் மறைக்க ஆயிரம் பொய்.

வயது அதேதான். உடலும் அதே உடல்தான். ஆனால் சமூகத்தின் பார்வை மட்டும் தலைகீழாகிவிட்டது. எப்படி?

இதைப் புரிந்துகொள்ள, சுமார் 140 ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதை உதவும். அவர் 14 வயது வாக்கில் தாயானார். 10 நாளில் பிள்ளையை இழந்தார். 20 வயதில் மருத்துவரானார். 22ஆவது பிறந்தநாளைப் பார்க்காமலேயே இறந்துபோனார்.

அவர் பெயர் ஆனந்திபாய் ஜோஷி. அமெரிக்காவில் மேற்கத்திய மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்.

9 வயதில் மணப்பெண்

ஆனந்திபாய் 1865ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் யமுனா. பம்பாய்க்கு அருகில் உள்ள கல்யாண் என்ற ஊரில் அவருடைய குடும்பம் வசித்தது. ஒரு காலத்தில் நிலபுலன்களோடு வாழ்ந்த குடும்பம். யமுனா பிறந்தபோது பழைய வசதி இல்லை.

9 வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை கோபால்ராவ் ஜோஷி, அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மனைவியை இழந்தவர். யமுனாவைவிட ஏறக்குறைய 20 வயது மூத்தவர். திருமணத்துக்குப் பிறகு யமுனாவின் பெயர் ஆனந்தி என்று மாறியது.

இன்று கேட்டால் நமக்குத் தூக்கிவாரிப்போடும். அன்று? அக்கம்பக்கத்தில் யாரும் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. அந்தச் சமூகத்தில் பெண் பிள்ளைகளுக்கு அந்த வயதில் திருமணம் செய்வதுதான் வழக்கம்.

ஊர் வியந்தது வேறு ஒன்றைப் பார்த்து. கோபால்ராவ் தன் மனைவியை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்! பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய காலம் அது. உறவினர்களின் தலையீட்டைத் தவிர்க்க அவர் வேலையிட மாற்றம் வாங்கிக்கொண்டு ஆனந்தியை வேறு ஊருக்கு அழைத்துச் சென்றார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இந்த இடத்தில் கோபால்ராவை ஹீரோவாக்கிவிட வேண்டாம். படிப்பில் கவனம் சிதறினால் அவர் சிறுமியான ஆனந்தியை அடித்திருக்கிறார், பொருள்களை வீசியிருக்கிறார். பல ஆண்டுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து கணவருக்கு எழுதிய கடிதத்தில் ஆனந்தியே அதையெல்லாம் நினைவுபடுத்துகிறார். சின்ன வயதில் எதிர்த்துக் கேட்கவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது என்ற தன் நிலைமையை அவர் அதில் விளக்குகிறார்.

கதவைத் திறந்துவிட்டவரும் அவர்தான். கையை ஓங்கியவரும் அவர்தான். வயது வித்தியாசம் பெரிதாக இருக்கும் உறவில் அதிகாரம் யார் கையில் இருக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அந்த 10 நாள்

14 வயது வாக்கில் ஆனந்திக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அது 10 நாள்தான் உயிரோடு இருந்தது.

தேவையான மருத்துவக் கவனிப்பு கிடைக்கவில்லை. அப்போது இந்தியாவில் மேற்கத்திய மருத்துவம் படித்த பெண் மருத்துவர்கள் மிக மிகக் குறைவு. ஆண் மருத்துவரிடம் பெண்கள் தங்கள் உடலைப் பற்றிப் பேசுவதே மானப் பிரச்சினையாக இருந்தது. உயிர் போகும் நிலையிலும் பல குடும்பங்கள் ஆண் மருத்துவரைப் பிரசவ அறைக்குள் விடவில்லை.

அப்படியென்றால் யார் பார்த்துக்கொள்வார்கள்? வீட்டுப் பெரியவர்களும் ஊர் மருத்துவச்சியும்தான். அவர்களுக்கு அனுபவம் இருந்தது. ஆனால் சிக்கல் வந்தால் சமாளிக்கப் போதிய பயிற்சியோ கருவிகளோ இல்லை.

குழந்தை இறந்ததற்காக ஆனந்தியின் வயதை யாரும் காரணம் காட்டவில்லை. பிள்ளை தங்கவில்லை, அடுத்தது தங்கும் என்பதுதான் அந்தக் காலத்தின் ஆறுதல்.

ஆனந்தி அதோடு விடவில்லை. இந்த நாட்டில் பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் தேவை என்ற முடிவுக்கு அவர் வந்தார். அப்போது அவரும் ஒரு பதின்ம வயதுப் பெண்தான்!

பல் மருத்துவரின் அறையில் கிடைத்த உதவி

கோபால்ராவ், மனைவியின் படிப்புக்கு உதவி கேட்டு ஓர் அமெரிக்க சமயப் போதகருக்குக் கடிதம் எழுதியிருந்தார். இருவரும் கிறிஸ்துவத்துக்கு மாறினால் உதவுவதாகப் பதில் வந்தது. அதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதம் அமெரிக்காவில் ஓர் இதழில் வெளியானது.

நியூ ஜெர்சி மாநிலத்தின் ரோசெல் நகரில் தியோடீசியா கார்ப்பென்டர் என்ற பெண் வசித்தார். 1880இல் பல் மருத்துவரிடம் தன் முறைக்காகக் காத்திருந்தபோது அவர் அந்தப் பழைய இதழைப் புரட்டினார். கடிதத்தைப் படித்தார். முன்பின் தெரியாத ஆனந்திக்கு எழுத ஆரம்பித்தார்.

இரண்டு பெண்கள், இரண்டு கண்டங்கள். கடிதத்திலேயே நட்பு வளர்ந்தது. உறவுமுறை வைத்துக் கூப்பிடும் அளவுக்கு நெருக்கம். பின்னர் ஆனந்தி அமெரிக்கா போனபோது முதலில் தங்கியது கார்ப்பென்டர் வீட்டில்தான்.

கல் எறிந்தவர்கள்

அமெரிக்கா போகும் முடிவு தெரிந்ததும் எதிர்ப்பு வலுத்தது. பிராமணப் பெண் கடல் கடப்பதா? கணவன் இல்லாமல் தனியாகவா?

ஆனந்தி ஒளிந்துகொள்ளவில்லை. 1883 பிப்ரவரியில் கல்கத்தாவுக்கு அருகே உள்ள செராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் கூடியிருந்தோர் முன் எழுந்து பேசினார். வயது 17.

தாம் ஏன் போகிறோம் என்பதை அவர் ஒவ்வொரு கேள்வியாக எடுத்து விளக்கினார். பம்பாயில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது தெருவில் போவோர் கூடிச் சிரித்தது, வீட்டுத் திண்ணையில் இருந்தவர்கள் சிறு கற்களை எறிந்தது, கடைக்காரர்கள் பார்த்ததும் காறித் துப்பியது ஆகியவற்றை எல்லாம் சொன்னார்.

இந்தியாவிலேயே படிக்கலாமே என்ற கேள்விக்கும் பதில் சொன்னார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இங்கே பெண்களுக்குக் கிடைக்கும் மருத்துவக் கல்வி முழுமையாக இல்லை, ஆசிரியர்கள் மனம் திறந்து சொல்லிக்கொடுப்பதில்லை என்பது அவர் கருத்து. இந்துவாகவே போவேன், இந்துவாகவே திரும்புவேன் என்றும் உறுதி கூறினார்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். 9 வயதில் திருமணம் ஆனபோது தெருவில் யாரும் கல் எறியவில்லை. 14 வயதில் கர்ப்பமானபோதும் எறியவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதுதான் எறிந்தார்கள்.

இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் அப்படியே தலைகீழ்.

பிலடெல்ஃபியாவில் ஒரு புடவை

1883 ஏப்ரலில் கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறினார் ஆனந்தி. கணவர் உடன் செல்லவில்லை. ஜூன் மாதம் நியூயார்க் சென்றடைந்தார். அதே ஆண்டு, பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்போதைய கல்லூரி முதல்வர் ரேச்சல் போட்லி. கல்வி உதவித்தொகையும் கிடைத்தது.

பிலடெல்ஃபியாவின் குளிரிலும் அவர் புடவைதான் உடுத்தினார். சைவ உணவுதான் சாப்பிட்டார். உடல்நிலை சிறிது சிறிதாகக் கெட ஆரம்பித்தது. காசநோய்.

அவர் பட்டத்துக்காக ஆராய்ந்து எழுதிய தலைப்பு எது தெரியுமா? பிரசவம். இந்துக்களிடையே மகப்பேற்று மருத்துவம் எப்படி இருந்தது என்பதைப் பற்றி அவர் எழுதினார். பிறந்த 10 நாளில் பிள்ளையை இழந்த தாய், அதே துறையைத் தேர்ந்தெடுத்தார்.

1886 மார்ச் 11ஆம் தேதி பட்டமளிப்பு. 21 வயதாக இன்னும் 20 நாள் இருந்தது. சமூகச் சீர்திருத்தவாதி பண்டித ரமாபாய் விழாவுக்கு வந்திருந்தார். விக்டோரியா மகாராணியிடமிருந்தும் வாழ்த்து வந்தது.

இந்தக் கதையில் நம்மைக் குழப்பும் ஒரு சம்பவமும் இருக்கிறது. 1884இல் குழந்தைத் திருமணத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அமெரிக்கப் பெண்கள் அவரை அழைத்தார்கள். அவர் அந்த வழக்கத்தைச் சாடுவார் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் ஆனந்தி அதற்கு ஆதரவாகப் பேசிவிட்டார்!

ஆம், குழந்தைத் திருமணத்தால் அவ்வளவு பாதிக்கப்பட்டவரே அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவர் தாம் வளர்ந்த காலத்தின் வழக்கத்தை நியாயப்படுத்தலாம். அதே நேரம் அந்த வழக்கத்தால் பாதிக்கப்படும் பெண்களைக் காப்பாற்றவும் உழைக்கலாம். இன்றும் நம் வீட்டுப் பாட்டிகள் சிலர் தங்கள் இளம் வயதுத் திருமணத்தைப் பெருமையாகப் பேசிவிட்டு, பேத்தியை மட்டும் நன்றாகப் படி என்று விரட்டுவது இல்லையா? அது போலத்தான்.

திரும்பி வந்தார்... ஆனால்

கோலாப்பூரின் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனை, பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பான மருத்துவராக அவரை நியமித்தது. 1886 இறுதியில் நாடு திரும்பியபோது எதிர்ப்புக் குரல்கள் அடங்கி வரவேற்பு கிடைத்தது. முன்பு ஏளனம் செய்த சமூகம் இப்போது பெருமைப்பட்டது.

ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882இல்தான் கண்டுபிடித்திருந்தார். அதைக் குணப்படுத்தும் மருந்து 1940களில்தான் வந்தது.

1887 பிப்ரவரி 26ஆம் தேதி புனேயில் ஆனந்திபாய் காலமானார். வயது 21. கோலாப்பூர் மருத்துவமனையில் அவர் பணியைத் தொடங்கவே இல்லை.

அவருடைய அஸ்தி, கார்ப்பென்டருக்கு அனுப்பிவைக்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி நகரில், அந்தக் குடும்பத்தின் கல்லறைத் தோட்டத்தில் அது வைக்கப்பட்டது. மறு ஆண்டே அமெரிக்க எழுத்தாளர் கேரோலைன் ஹீலி டால் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். வெள்ளிக் கோளில் உள்ள ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

சட்டம் எப்போது விழித்தது?

ஆனந்திபாய் இறந்து சில ஆண்டிலேயே, 10 அல்லது 11 வயதே ஆன ஃபுல்மோனி என்ற சிறுமி வங்காளத்தில் இறந்தாள். வயதில் மிகவும் மூத்த கணவரின் வன்கொடுமைதான் காரணம். அந்தச் சம்பவம் இந்தியாவை உலுக்கியது. சட்டம் மெதுவாகத்தான் நகர்ந்தது:

- 1860: இந்தியத் தண்டனைச் சட்டப்படி, பாலியல் உறவுக்குப் பெண் சம்மதிக்கக்கூடிய குறைந்தபட்ச வயது 10. திருமணமான பெண்ணுக்கும் அதே வயதுதான்.
- 1891: அந்த வயது 12க்கு உயர்ந்தது. பால கங்காதர திலகர் போன்ற பெரிய தலைவர்களே அப்போது எதிர்த்தார்கள். மதத்திலும் குடும்பத்திலும் அந்நிய அரசாங்கம் தலையிடக்கூடாது என்பது அவர்கள் வாதம்.
- 1929: பெண்ணின் திருமண வயது குறைந்தது 14 என்று சட்டம் இயற்றப்பட்டது.
- 1978: அது 18 ஆனது.

சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்களுக்கு அது பொருந்தும். அதன்படி 18 வயதுக்குக் குறைந்தவர்கள் சிறப்பு அனுமதி இல்லாமல் திருமணம் செய்ய முடியாது.

அப்போ, பார்வை எப்படி மாறியது?

மூன்று விஷயங்கள் சேர்ந்து மாற்றின.

முதலாவது, சட்டம். திருமண வயது உயர உயர, பதின்ம வயதுக் கர்ப்பம் திருமணத்துக்கு வெளியே போய்விட்டது. முன்பு குடும்பத்துக்கு நல்ல செய்தியாக இருந்தது, இப்போது வெளியே சொல்ல முடியாத செய்தியானது.

இரண்டாவது, கல்வி. 14 வயதுப் பெண்ணின் இடம் அடுப்படி என்ற நிலை மாறி, வகுப்பறை என்றானது.

மூன்றாவது, மருத்துவ அறிவு. 10 முதல் 19 வயதுக்குள் தாயாகும் பெண்களுக்கு, 20 முதல் 24 வயதுத் தாய்மார்களைவிட ஆபத்து அதிகம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரலாம். பிரசவத்துக்குப் பின் கிருமித்தொற்று ஏற்படலாம். குழந்தை குறைமாதத்தில் பிறக்கலாம், எடை குறைவாக இருக்கலாம்.

இந்த மாற்றம் நல்லதா? பெரும்பாலும் நல்லதுதான். 14 வயதுப் பெண் இன்று சிறுமி. அவளைத் திருமணம் செய்துகொடுத்தால் அது குற்றம். ஆனந்திக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது.

ஆனால் ஒன்று அப்படியே இருக்கிறது. அன்று குடும்ப மானம் என்ற பெயரில் பிரசவ அறைக்குள் மருத்துவரை விடவில்லை. இன்று அதே மானத்துக்குப் பயந்து, கர்ப்பமான பெண் மருத்துவரிடமே போகாமல் மறைக்கிறாள்.

கர்ப்பத்தின் முதல் 12 வாரத்துக்குள் முதல் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆனால் தளர்வான சட்டைக்குள் வயிற்றை மறைக்கும் ஒரு மாணவி அந்த 12 வாரத்தை எளிதில் கடந்துவிடுவாள். வெட்கத்தால் வீணாகும் ஒவ்வொரு வாரமும் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேச்செல்லாம் பெண்ணைச் சுற்றித்தான். அந்தக் குழந்தைக்குத் தகப்பன் என்று ஒருவர் இருப்பாரே? ஆனந்தியின் காலத்தில் 30 வயதைக் கடந்த கணவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. இன்றும் பல இடங்களில் பெண்தான் பள்ளியை விடுகிறாள், ஊர் மாறுகிறாள். பையனின் பெயர் பேச்சில் வருவதே இல்லை. அதிலும் அவர் வயதில் மூத்தவர் என்றால், அது தவறான உறவா, குற்றமா என்று கேட்க வேண்டியதும் சமூகத்தின் பொறுப்புதான்.

மெல்ல நகரும் காலம்

மாற்றங்கள் வந்துகொண்டிருக்கின்றன. சிங்கப்பூரில் திருமணமாகாத தாய்மாருக்கும் 16 வார மகப்பேற்று விடுப்பு 2017ஆம் ஆண்டு முதல் கிடைக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் குழந்தை மேம்பாட்டுக் கணக்கின் பலன் விரிவுபடுத்தப்பட்டது. எல்லாச் சலுகைகளும் சமமாகிவிடவில்லை. ஆனாலும் பெற்றோர் திருமணம் செய்யவில்லை என்பதற்காகப் பிள்ளை பாதிக்கப்படக்கூடாது என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது.

பதின்ம வயதில் பிள்ளை பெறுவதை ஊக்குவிக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தவிர்க்கும் வழிகளைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டும். அதையும் தாண்டி நடந்துவிட்டால் முதலில் தேவை கவனிப்பு. திட்டுவதற்குப் பிறகு நேரம் இருக்கும்.

ஆனந்திபாய் தம் காலத்தின் எல்லா வழக்கங்களையும் எதிர்க்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். பிரசவ வேதனையில் இருக்கும் பெண் பயமும் வெட்கமும் இல்லாமல் நம்பிப் போக ஒரு மருத்துவர் வேண்டும்.

இன்று மருத்துவர்கள் இருக்கிறார்கள். பலதுறை மருந்தகங்கள் இருக்கின்றன. பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார். வட்டாரத்தில் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது. அங்கு போகலாம் என்ற தைரியம்தான் பல பிள்ளைகளுக்கு இல்லை.

உங்கள் தோழி ஒருத்தி இப்படியொரு நிலையில் உங்களிடம் வந்து சொன்னால், அவள் நம்பிச் சொன்ன முதல் ஆள் நீங்களாக இருக்கலாம். அதை வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம். நம்பக்கூடிய பெரியவர் ஒருவரிடமோ மருத்துவரிடமோ அவளோடு சேர்ந்து போங்கள்.